தாயகம் திரும்பியோர்: ஒரு சொல்லும் ஒரு பயணமும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலருக்கென வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தனர். நான் வரலாற்றுத் துறையைச் சார்ந்தவள் அல்லள், தமிழ் பயிற்றுபவள், சொற்களோடு பழகி வந்தவள். ஆதலின் ஒரு சொல்லின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

'தாயகம் திரும்பியோர்' என்பதே அச்சொல். இந்திய, இலங்கை அரசுகளின் உடன்படிக்கைப்படி இலங்கையின் மலையகத்திலிருந்து தமிழகத்திற்கு அனுப்பப்பட்ட மக்களுக்கு அரசு ஆவணங்கள் சூட்டிய பெயர் அது. மலையகத் தமிழரின் நாட்டார் பாடல்கள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அச்சொல்லை நூறு முறையேனும் எழுதியிருப்பேன். ஒருமுறையேனும் அதனை நிறுத்தி வைத்து, 'இது மெய்தானா?' என்று கேட்டேனில்லை. நானும் அப்பெயருக்கு உரியவர்களுள் ஒருத்தியாக இருந்தும் கேட்டேனில்லை. 2024 ஆம் ஆண்டு மே மாதக் கல்லூரி விடுமுறையில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நான் பிறந்த தோட்டத்தைக் கண்டு வந்தேன். அதன் பின்னரே அவ்வினா என்னுள் எழுந்தது.

காப்பியும் தேயிலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்களை நிறுவினர். அவற்றில் உழைப்பதற்கு இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டினர். தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்து அங்கிருந்து மலையேறினர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே இரையானோர் பலர்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் தத்தம் ஊருக்குச் சென்றனர். 'திரும்புதல்' என்னும் வினை அவர்களுக்கு முற்றும் பொருந்தும்.

1869 ஆம் ஆண்டு முதல் இலைத்துரு நோய் பரவிக் காப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதனைக் கிள்ளப் பெண்களின் விரல்கள் நாள்தோறும் வேண்டும். எனவே குடும்பங்கள் தங்கின, லயங்கள் எழுந்தன, லயக் காம்பராக்களில் பிள்ளைகள் பிறந்தனர், அப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தனர். காப்பி வந்து போகும் ஆளைக் கேட்டது. தேயிலை தங்கி வாழும் குடும்பத்தைக் கேட்டது. ஒரு மக்கட் கூட்டத்துக்கு ஒரு மண் தாயகமாக மாறிய வரலாறு இதுவே. ஆயினும் 1911 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பிரித்து எழுதியது. அங்கேயே பிறந்தவர்களுக்கும் அதே பெயர்தான்.

எண்ணிக்கையாகிப் போன மக்கள்

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். எங்கள் தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர், மலையக இலக்கியத்தின் முன்னோடியும் மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்தவருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை. ஒரு தொகுதியின் தொழிலாளர் தங்கள் கவிஞரையே தங்கள் உறுப்பினராகவும் பெற்றிருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு என்பதையே அறியாத லயத்து மக்கள் சான்றுக்கு எங்கே போவர்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கென ஓர் உறுப்பினரும் இல்லை.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் தில்லியில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இதனைச் செயற்படுத்த 1967 இல் இயற்றப்பட்ட சட்டம், இந்தியாவுக்கு எழுவர் என்றால் இலங்கைக்கு நால்வர் என்று விகிதம் வகுத்தது.

மக்களின் விருப்பமோ வேறு வகையாக இருந்தது. விண்ணப்பிக்க 1970 ஏப்ரல் வரை கெடு அளிக்கப்பட்டது. இலங்கைக் குடியுரிமை வேண்டும் என்று விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 7 இலட்சம்; இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றோர் ஏறத்தாழ 4 இலட்சம். உடன்படிக்கை வகுத்த விகிதத்தை மக்கள் தலைகீழாக்கிக் காட்டினர். இவ்வெண்களை என் ஆய்வேட்டின் முன்னுரையில் நானும் எழுதியிருந்தேன். எழுதிய கை அடுத்த பத்தியிலேயே, 'தாயகம் திரும்பிய இம்மக்கள்' என்று தொடர்ந்தது.

அழுகைக் கோச்சி

அந்த 4 இலட்சத்தில் எங்கள் தாத்தாவும் ஒருவர். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தைக் கண்ட அச்சம் அவரை விண்ணப்பிக்கச் செய்தது என்று பாட்டி கூறுவார். அத்தைக்கு அப்போது திருமணம் ஆகியிருந்தது. அவரை மணந்த குடும்பத்தினர் இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தனர். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்த தகப்பனும் மகளும் இரு நாட்டவர் ஆயினர். கடவுச்சீட்டு வருவதற்குள், 1981 இல், தாத்தா இறந்தார். தோட்டத்து வழக்கப்படித் தேயிலை மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1983 ஆடிக் கலவரத்தின்போது எனக்கு ஐந்து வயது. ஓர் இரவு முழுவதும் தேயிலைச் செடிகளுக்கிடையே படுத்திருந்ததும், அம்மா என் வாயைப் பொத்தியிருந்ததும், அவர் கையில் தேயிலைக் கறை மணந்ததும் மட்டும் நினைவில் உள்ளன. 1984 பிப்ரவரியில் நாங்கள் புறப்பட்டோம். கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் வழங்கிய குடும்ப அட்டையில் எங்கள் ஐவரின் புகைப்படம் இருக்கிறது: அப்பா, அம்மா, பாட்டி, நான், அம்மாவின் மடியில் தம்பி. மற்றவர் அனைவரும் நேரே பார்க்க, பாட்டி மட்டும் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

மலையகத்தில் இரயிலைக் 'கோச்சி' என்பர். புறப்படுவோரை ஏற்றிச் செல்லும் வண்டியைப் பாட்டி 'அழுகைக் கோச்சி' என்றே சொல்வார். அது அவர் படைத்த சொல்லன்று. அந்நாளில் மலையகமே அறிந்திருந்த பெயர். தலவாக்கலை நிலையத்தில் அத்தை சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு வண்டியோடு சில அடி நடந்து வந்தார். எங்கள் அம்மிக்கல்லை எடுத்துவர இயலாமல் அவரிடமே விட்டு வந்திருந்தோம். பாட்டி அவரிடம் கடைசியாகச் சொன்னது அந்த அம்மியைப் பற்றித்தான்: "கல்லைக் கொத்திவச்சுக்க. மழுங்கிப்போச்சு."

பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறைக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து இராமானுஜம் என்னும் கப்பலில் இராமேசுவரம். பிறகு மண்டபம் முகாம். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்கெனத் தங்க வைத்த முகாம் அதுவே. போனவர்களைச் சோதித்து அனுப்பிய அதே இடத்தில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டிலேயே கப்பல் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. அதுவரை வந்து சேர்ந்தோர், உடன் வந்த பிள்ளைகளையும் சேர்த்து, நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

கோத்தகிரியில்

முதலில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூருக்குச் சென்றோம். தாத்தாவின் தகப்பனார் அவ்வூரிலிருந்து புறப்பட்டவர் என்பதைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது. அவர் பெயரைச் சொல்லி விசாரித்தோம். கேட்டவர் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினர். வெயிலும் வறட்சியும் பழகாத பாட்டி, 'தண்ணி விழுற பீலி எங்க இருக்கு?' என்று கேட்டதை ஊரார் பலநாள் சொல்லிச் சிரித்தனராம். மலையிலிருந்து குழாய் வழியே நீர் விழும் இடத்தைப் பீலி என்பது மலையக வழக்கு. அந்த ஊரில் அப்படி ஒன்று இருக்க வழியில்லை.

அறிந்த தொழில் தேயிலை ஒன்றே. 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் இம்மக்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்களை வளர்த்து வந்தது. காலந்தாழ்த்தி வந்த எங்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் தனியார் தோட்டமொன்றில் அப்பாவும் அம்மாவும் நாட்கூலிகளாகச் சேர்ந்தனர்.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஊதியொலி கேட்டு, 'கோச்சி வருது' என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று மாலையே வீட்டில் 'ரயில்' என்று சொல்லிப் பழகினேன். 'காம்பரா' வீடாயிற்று; 'பெரட்டு' என் நாவிலிருந்து உதிர்ந்தது; பாட்டி ஒரு சொல்லைச் சொன்னால் திருத்தவும் தொடங்கினேன். நான் நன்றாகத் தமிழ் பேசுகிறேன் என்று ஆசிரியர்கள் பாராட்டினர். அப்பாராட்டின் முடிவில்தான் இன்றைய என் பணி இருக்கிறது. பிற்காலத்தில் ஆய்வுக்காக அதே சொற்களை அகராதிபோல் தொகுத்தபோது, 'கோச்சி' சிங்களத்திலும் வழங்குவதென்றும், 'காம்பரா' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததென்றும் குறித்து வைத்தேன். பாட்டியிடமிருந்து நான் பறித்த சொற்கள் அவை என்று மட்டும் குறிக்கவில்லை.

ஆய்வுக்காலத்தில் பாட்டியை அருகில் அமர்த்திப் பாடல்களை ஒலிப்பதிவு செய்வேன். ஒருநாள், "தாயகம் திரும்பிய பின்னர் நீங்கள் இப்பாடல்களைப் பாடியதுண்டா?" என்று கேட்டேன். பாட்டிக்கு வினா விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் சொன்ன மறுமொழி ஒலிநாடாவில் இன்றும் உள்ளது:

"திரும்புறதுன்னா, முன்ன வந்த வழியில போறதுதானே புள்ள? நான் தலைமன்னார்லதான் மொத மொத கடலையே பார்த்தேன். நான் எங்க திரும்புனேன்?"

பாடலுக்குத் தொடர்பில்லாத பேச்சு என்று கருதி, அப்பகுதியை எழுத்தில் பெயர்க்காமல் விட்டுவிட்டேன். பாட்டி 2006 இல் கோத்தகிரியில் காலமானார்.

மீண்டும் தலவாக்கலை

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரப் பயணந்தான். கொழும்புக் கோட்டை நிலையத்தில் மலைநாட்டு வண்டியில் ஏறினேன். நாவலப்பிட்டியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. 1885 இல் நானுஓயா வரை முடிக்கப்பட்ட இப்பாதை, கொழுந்தைத் துறைமுகம் சேர்க்கவென்று இடப்பட்டது. அற்றனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். அதன் இருளில் பயணிகளான பிள்ளைகள் ஓவென்று கூவினர். 1984 இல் இதே இருளில் நானும் கூவியிருக்கிறேன் என்பது அந்நொடியில் நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் அழுதுகொண்டிருந்த வண்டியில் பிள்ளைகள் கூவினோம்.

கொட்டகலைக்கு அப்பால் சென்கிளேயர் அருவியைத் தேடினேன். நினைவில் இருந்த பெருவெள்ளம் இல்லை. 2012 இல் நிறைவுற்ற மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காக ஆற்றின் நீர் திருப்பப்பட்டுவிட்டது. தலவாக்கலை நகரின் தாழ்ந்த பகுதியில் இப்போது நீர்த்தேக்கம் நிற்கிறது.

நிலையத்திற்கு அத்தை மகள் வந்திருந்தாள். லயத்து வாசலில் அத்தை நின்றிருந்தார். எழுபதைக் கடந்த வயது. என் முகத்தை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்து, "அம்மா சாடை" என்றார். யாருடைய அம்மா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அம்மா என்றால் என் பாட்டி.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அப்படியேதான் இருக்கிறது. கூரைத் தகரம் மாறியிருக்கிறது, மின்விளக்கு வந்திருக்கிறது. நான் தூங்கிய பிள்ளைக் காம்பராவுக்குச் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கின்றனர். இளைஞர் பலர் கொழும்பில் கடைகளில் வேலை செய்கின்றனர். 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலை நீங்கிவிட்டது. கடவுச்சீட்டு கையில் இருந்தும் கப்பல் நின்றதால் தங்கிவிட்டோரும் இன்று இலங்கைக் குடிமக்களே. ஆயினும் நிற்கும் மண்ணில் ஏழு பேர்ச்சுக் காணிக்கு உறுதி கேட்டு இன்னும் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தேன். அத்தையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. நாடு கிடைத்தவர்க்கு வீடு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை தாத்தா அடக்கமான இடத்தைக் காட்டுமாறு கேட்டேன். அவ்விடத்திற்கு அடையாளமாக ஒரு கருப்பந்தைல மரம் நின்றதாகப் பாட்டி கூறுவார். மரம் வெட்டப்பட்டுவிட்டது. பழைய செடிகளையும் பிடுங்கிப் புதுக்கன்று நட்டு வளர்த்திருக்கிறார்கள். கல்லோ குறியோ எதுவும் இல்லை. அத்தையோ சற்றும் தயங்கவில்லை. கான்கரையிலிருந்து நிரைகளை எண்ணிக்கொண்டே ஏறி, ஓரிடத்தில் நின்றார். "முப்பது வருசம் இந்த மலையில கொழுந்தெடுத்தேன். இந்த எடத்துக்கு வந்தா கொஞ்சம் ஒதுங்கி நின்னுதான் எடுப்பேன்" என்றார். முப்பதாண்டுகள் ஒருத்தி ஒதுங்கி நின்ற இடமே அங்கு நினைவுச் சின்னம்.

திரும்பி வந்ததும் அத்தை சம்பல் அரைத்தார். அதே அம்மி. கல் புதிதாகக் கொத்தப்பட்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கொத்துவேன். அம்மா சொல்லிட்டுப் போனாங்கல்ல" என்றார்.

அன்றிரவு அவர் கேட்டார்: "எப்பம்மா ஊருக்குத் திரும்புற?"

"வர்ற வெள்ளிக்கிழமை திரும்பணும் அத்தை" என்றேன். சொல்லிய பிறகே என் வாயிலிருந்து அவ்வினை எத்துணை இயல்பாக வந்தது என்று உணர்ந்தேன். எனக்குக் கோத்தகிரி திரும்பிச் செல்லும் ஊர்தான். அங்கு வளர்ந்தேன், அங்கு என் வீடு இருக்கிறது, பாட்டியை அடக்கம் செய்த மண்ணும் அங்கேயே இருக்கிறது. அதனை மறுப்பது பொய்யாகும். ஆனால் அவ்வூர் எனக்கு ஊரானது நாற்பதாண்டு வாழ்ந்ததால். 1984 இல் ஓர் அட்டையில் யாரோ எழுதியதால் அன்று. மலையகம் பாட்டிக்கு ஊரானதும் அவ்வண்ணமே.

ஒரு திருத்தம்

ஊர் திரும்புமுன் தலைமன்னாருக்கும் சென்றேன். போரில் அழிந்திருந்த இரயில் பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய துறையின் எஞ்சிய பகுதி கடலுக்குள் நீண்டு நிற்கிறது. மலையக வரலாற்றின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 சூலை முதல் ஆகத்து வரை மலையக மக்கள் இத்தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே நடந்தனர். கரையில் நின்று அதனை எண்ணிப் பார்த்தேன். அவர்கள் தம் வரலாற்றின் தொடக்கத்தை இக்கரையில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆவணங்களோ அதே கரையை முடிவாக்கி, அதற்கப்பால் 'தாயகம்' என்று எழுதிவிட்டன.

சொல் சிறியதுதானே என்று சிலர் கருதக்கூடும். 'திரும்பியோர்' என்று எழுதிய உடனே, அனுப்பியவர் எவர் என்னும் வினா மறைந்துவிடுகிறது. விரும்பிச் சென்றோரும் வேறு வழியின்றிச் சென்றோரும் ஒன்றாகிவிடுகின்றனர். இலங்கையில் தங்கவே 7 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர் என்னும் உண்மை பின்னே தள்ளப்படுகிறது. பிறந்த மண்ணை விட்டு வந்தவளுக்கு அத்துயரைச் சொல்லவும் சொல் இல்லாமல் போகிறது. தாயகம் வந்து சேர்ந்தவள் எதற்கு அழ வேண்டும் என்று உலகம் கேட்கும். புகைப்படத்தில் பாட்டி எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது ஓரளவு விளங்குகிறது.

என் ஆய்வேட்டை நூலாக்கும் பணியில் இப்போது ஈடுபட்டிருக்கிறேன். அரசு ஆவணங்களை எடுத்துக்காட்டும் இடங்களில் அன்றி, 'தாயகம் திரும்பியோர்' என்னும் தொடரை நூலெங்கும் நீக்கி, 'அனுப்பப்பட்டோர்' என்று எழுதி வருகிறேன். ஒலிநாடாவைத் தேடியெடுத்து, விடுபட்ட பகுதியையும் பெயர்த்தெழுதினேன். பாட்டி பேசிய தமிழைத் திருத்தாமல், அவர் சொன்னபடியே, முன்னுரையின் முதற் பத்தியாக அதனை வைத்திருக்கிறேன்.